குறைந்த புள்ளிக்காரருக்குத்தான் மூளைத் தூண்டல் உதவியதா? அப்படி எழுதும் முன் செய்ய வேண்டியவை

மூளைத் தூண்டல் பற்றிய ஆய்வுகளைப் புரட்டத் தொடங்கினால் ஒரு முடிவு அடிக்கடி கண்ணில் படும். மொத்தக் குழுவைப் பார்த்தால் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் ஆரம்பத்தில் திறன் குறைவாக இருந்தவர்கள் நன்றாக முன்னேறினார்கள், ஏற்கெனவே கெட்டிக்காரராக இருந்தவர்கள் அப்படியே நின்றார்கள் அல்லது கொஞ்சம் சரிந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தேவைப்பட்டவருக்கு உதவி கிடைத்தது என்ற நியாயம் வேறு அதில் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், கருவியை மின்சாரத்தில் செருகாமலேயே இந்தப் பரிசோதனையை நடத்தினாலும் இதே முடிவை எழுதத் தோதான தரவு வந்து சேரும்.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமிருந்து பேராதனைக்கோ வேறு பல்கலைக்கழகத்துக்கோ போய் உளவியல், இயன்மருத்துவம், மருத்துவம் என்று படித்து, கடைசி வருட ஆய்வுக்கு இந்தத் தலைப்பைத் தொட்டிருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்திருக்க வேண்டியதில்லை. கூட்டல், கழித்தல், எக்ஸெலில் ஒரு சூத்திரத்தைக் கீழே இழுத்து விடுவது, இவ்வளவு போதும். கருவி கையில் இல்லாமல், மற்றவர்கள் பொதுவில் விட்டிருக்கும் தரவை வைத்துக் கணக்குப் போடுபவருக்கும் இது பொருந்தும்.

கருவி பற்றிச் சுருக்கமாக. இங்கே பேசப்போவது பெரும்பாலும் டிடிசிஎஸ் எனப்படும் நேர்மின்னோட்டத் தூண்டல். உப்புநீரில் நனைத்த பஞ்சுக்குள் வைத்த இரண்டு மின்வாய்களைத் தலையில் பொருத்தி, 1 முதல் 2 மில்லி அம்பியர் வரையான மின்னோட்டத்தை 20 நிமிடம் அளவில் செலுத்துவார்கள். 2000இல் ஜெர்மனியின் கொட்டிங்கன் நகரில் நிட்ஷேயும் பவுலஸும் இப்படிப்பட்ட மெல்லிய மின்னோட்டம் மனித மூளையில் உடல் அசைவுகளைக் கவனிக்கும் பகுதியான இயக்கப் புறணியின் கிளர்ச்சித் திறனை மாற்றுவதைக் காட்டிய பிறகுதான் இது பரவலானது. காந்தத் தூண்டல் அதைவிட மூத்தது. 1985இல் ஷெஃபீல்டில் அந்தனி பார்க்கர் குழுவினர் செய்து காட்டினார்கள். ஒப்பிடுவதற்குப் போலித் தூண்டல் என்று ஒன்று உண்டு. மின்னோட்டத்தை அரை நிமிடம் போல ஏற்றிவிட்டு இறக்கிவிடுவார்கள். தோலில் குறுகுறுப்பு இரண்டிலும் வரும் என்பதால் எது உண்மை, எது போலி என்று பங்குபற்றுபவருக்கு எளிதில் தெரியாது.

(ஒரு நடைமுறைக் குறிப்பு. நம் பக்கத்துப் பெண் பிள்ளைகள் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிக்கொண்டு வருவார்கள். எண்ணெய் இருந்தால் மின்வாய் தோலோடு சரியாக ஒட்டாது, மின்தடை ஏறும். தலை முழுகிவிட்டு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லி முதல் நாளே தகவல் கொடுத்துவிடுங்கள். நுவரெலியாக் குளிரில் ஈரத் தலையோடு வந்து நிற்க வேண்டியிருக்காதபடி நேரத்தையும் ஒதுக்குங்கள்.)

சரி, கணக்குக்கு வருவோம்.

படி 1: ஒன்றுமே நடக்காவிட்டால் தரவு எப்படி இருக்கும் என்று பாருங்கள்

தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு நாள் 12 கிலோவோடு நின்று அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) வாங்கியவர் எப்போதும் 12 கிலோக்காரர் இல்லை. அன்றைக்கு அவருக்கு விழுந்தது கொழுந்து குறைந்த நிரையாக இருந்திருக்கும். பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு மலைக்கு வரத் தாமதமாகியிருக்கும். அடுத்த நாள் அவரே 15, 16 கிலோ எடுப்பார். 26 கிலோ எடுத்தவருக்கு அன்று நல்ல நிரை. மறுநாள் 22க்கு இறங்குவார். யாரும் யாருக்கும் எதுவும் செய்யவில்லை. இப்போது இந்த இரண்டு நாளுக்கும் நடுவில் எல்லோருக்கும் புதுமாதிரிக் கொழுந்துப் பை ஒன்றைக் கொடுத்தார்கள் என்று வையுங்கள். பெயர்ப் பதிவேடான செக்ரோலைப் பார்க்கும் கணக்கப்பிள்ளை என்ன சொல்வார்? "இந்தப் பை கொறைவா எடுக்கிறவங்களுக்குத்தான் ஒத்து வருது, நல்லா எடுக்கிறவங்களுக்கு இடைஞ்சல்." பை எதையும் செய்யாமலேயே அவருக்கு இந்த முடிவு கிடைத்துவிடும்.

இதற்குச் சராசரி நோக்கித் திரும்புதல் என்று பெயர். 1886இல் பிரான்சிஸ் கால்ட்டன் 205 பெற்றோர் இணைகளையும் அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 928 பேரையும் வைத்து எழுதினார். பெற்றோரின் உயரம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருந்ததோ, அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விலகல்தான் பிள்ளைகளிடம் இருந்தது. பிள்ளைகளிடமிருந்து தொடங்கிப் பெற்றோரைப் பார்த்தாலும் இதே கதைதான். உயரமான பிள்ளைகளின் பெற்றோர் அந்தளவு உயரமில்லை. காலம் பின்னோக்கி ஓடி யாரையும் குட்டையாக்கவில்லை. ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தாத இரண்டு அளவீடுகள் இருந்தால் போதும், இது வந்துவிடும்.

படிப்பதோடு விடாமல் கையால் செய்து பாருங்கள். எக்ஸெலையோ லிப்ரே ஆபீஸையோ திறந்து, 30 நிரைகளுக்கு மூன்று நிரல்களில், எழுமாற்று எண் தரும் 'ராண்ட்' சார்பைப் போடுங்கள். முதல் நிரல் ஒருவரின் உண்மையான திறன். இரண்டாவது, முதல் நாளின் அதிர்ஷ்டம்: தூக்கம், பசி, பஸ் பயணம், மனநிலை எல்லாம் சேர்ந்தது. மூன்றாவது, அடுத்த நாளின் அதிர்ஷ்டம். நான்காம் நிரலில் முதலையும் இரண்டாவதையும் கூட்டுங்கள். அது 'முன் புள்ளி'. ஐந்தாவதில் முதலையும் மூன்றாவதையும் கூட்டுங்கள். அது 'பின் புள்ளி'. ஆறாவதில் பின்னிலிருந்து முன்னைக் கழியுங்கள், அது 'முன்னேற்றம்'. இந்தத் தாளில் மூளையும் இல்லை, மின்சாரமும் இல்லை.

இப்போது 'கொரெல்' சார்பால் முன் புள்ளிக்கும் முன்னேற்றத்துக்கும் இடையிலான இணைபுக் குணகத்தைக் கேளுங்கள். இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று −1 முதல் +1 வரை சொல்லும் எண் அது; கழித்தல் என்றால் ஒன்று கூட மற்றது குறையும். −0.5ஐச் சுற்றி ஏதாவது வரும். எஃப்9 பொத்தானை அழுத்த அழுத்த எண்கள் மாறும், கழித்தல் குறி மாறாது. 30 பேருக்கு, குறியை விட்டுவிட்டு 0.36ஐத் தாண்டினாலே 'பொருளுண்மை உடையது', அதாவது தற்செயல் என்று ஒதுக்க முடியாதது, என்று மென்பொருள் சொல்லிவிடும். பெரும்பாலான தடவை அது தாண்டும். அதாவது, திறன் குறைந்தவர்களே அதிகம் முன்னேறினார்கள் என்று நீங்கள் எழுதிவிடலாம், வெறும் எழுமாற்று எண்களை வைத்து.

அந்தத் தாளை மூடிவிடாதீர்கள், இன்னொன்று பார்க்க வேண்டும். அதே முன்னேற்றத்தை இந்தத் தடவை பின் புள்ளியோடு பொருத்துங்கள். +0.5 பக்கம் வரும். இப்போது கதை தலைகீழ்: கடைசியில் திறமையானவர்களாக இருந்தவர்களே அதிகம் முன்னேறினார்கள்! ஒரே தரவு, எதிரெதிரான இரண்டு கதைகள். உங்கள் சொந்தத் தரவிலும் இந்தப் பின்னோக்கிச் சோதனையைச் செய்யுங்கள். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் எதிர்க்குறியோடு வந்தால், நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் கணக்கின் நிழல்.

சூத்திரமாகவும் சொல்லிவிடலாம். முன், பின் இரண்டின் சிதறலும் ஒரே அளவாக இருந்தால், அவற்றுக்கிடையிலான இணைபை 1இலிருந்து கழித்து, 2ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, முன்னால் கழித்தல் குறி போடுங்கள். தூண்டல் எதுவுமே செய்யாவிட்டாலும் எதிர்பார்க்க வேண்டிய எண் அதுதான். முன்பின் இணைபு 0.8 என்றால் −0.32. 0.5 என்றால் −0.5. இணைபே இல்லாவிட்டால் −0.71. 0.8 என்பது நல்ல பரீட்சை. அப்படி ஒன்று கையில் இருந்தும், 40 பேரை வைத்துச் செய்தால் பொருளுண்மை எல்லை 0.31. அப்படியென்றால் ஒன்றுமே நடக்காத ஆய்வுகளிலும் ஏறத்தாழ பாதிக்குப் பாதி 'கண்டுபிடிப்பு' வெளிவரும். வழக்கமான சோதனை உங்கள் எண்ணைப் பூச்சியத்தோடு ஒப்பிடுகிறது. இந்த இடத்தில் ஒப்பிட வேண்டியது பூச்சியத்தோடு இல்லை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதிப் படிகள் எல்லாம் தானாக வரும்.

படி 2: உங்கள் 'ஆரம்பத் திறன்' எங்கிருந்து வந்தது?

முன்பின் ஆய்வில் ஒரே எண் இரண்டு பக்கமும் வரும் கூட்டு எங்கே என்று எளிதாகத் தெரியும். முன் புள்ளி ஒரு பக்கத்தில் தனியாக நிற்கிறது, மறுபக்கத்தில் கழித்தல் குறியோடு ஒளிந்திருக்கிறது. இதே கூட்டு வேறு உடுப்பில் வரும்போதுதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

மூளைத் தூண்டல் ஆய்வுகளில் மாறிமாறிச் செய்யும் அமைப்பு மிகப் பழக்கமானது. ஒரே ஆள் ஒரு நாள் உண்மைத் தூண்டலும் இன்னொரு நாள் போலித் தூண்டலும் பெறுவார். எது முதலில் என்பது எழுமாறாக. இதில் தனியாக ஆரம்ப அளவீடு எடுக்காதவர்கள் பிறகு என்ன செய்கிறார்கள் என்றால், போலி நாளின் புள்ளியையே ஆரம்பத் திறன் என்று வைத்துக்கொள்கிறார்கள். உண்மை நாள் புள்ளியிலிருந்து போலி நாள் புள்ளியைக் கழித்து அதைத் 'தூண்டலின் பலன்' என்கிறார்கள். அப்புறம் இரண்டையும் பொருத்துகிறார்கள். மஸ்கெலியாவிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி, பாதை நெடுக வளைவில் தலை சுற்றி, பேராதனை வந்து சேர்ந்த ஒரு மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் தற்செயலாகப் போலி நாளாக அமைந்தால், ஒரே களைப்பு அவரை 'திறன் குறைந்தவர்' ஆகவும் ஆக்கும், 'தூண்டலால் பெரும்பலன் பெற்றவர்' ஆகவும் ஆக்கும். நாள் வரிசையை எழுமாறாக்கியது இதைத் தீர்க்காது. அது பழக்கத்தால் வரும் முன்னேற்றத்தை இரு பக்கமும் சமமாகப் பரப்பும், அவ்வளவுதான்.

மருந்து எளிது, செலவு மட்டும் கொஞ்சம் கூட: ஆரம்பத் திறனை மூன்றாவது நாளில் தனியாக அளந்துவிடுங்கள். எக்ஸெல் தாளுக்குத் திரும்பிப் போய், இன்னொரு ராண்ட் நிரலைச் சேர்த்து உண்மைத் திறனோடு கூட்டுங்கள். இது மூன்றாம் நாள் புள்ளி. அதை முன்னேற்ற நிரலோடு பொருத்திப் பாருங்கள். எஃப்9 எத்தனை தடவை அழுத்தினாலும் இணைபு பூச்சியத்தைச் சுற்றியே ஆடும். கூட்டு அறுந்துவிட்டது.

அந்த அளவீட்டையும் முடிந்தால் இரண்டு தடவை எடுத்துச் சராசரி போடுங்கள். ஸ்பியர்மனும் பிரவுனும் 1910இல் தந்த கணக்குப்படி, 0.6 நம்பகத்தன்மை (மறுபடி அளந்தால் எவ்வளவு ஒத்துவரும் என்பது) உள்ள பரீட்சையை இரட்டித்தால் 0.75 ஆகும். ஆரம்பத் திறனை எவ்வளவு கலங்கலாக அளக்கிறீர்களோ, உண்மையான தொடர்பு இருந்தாலும் அவ்வளவுக்கு அது மழுங்கித் தெரியும்.

நம் சூழலுக்கே உரிய ஒரு சங்கதி. நினைவாற்றல் ஆய்வுகளில் என்-பேக் என்ற பணி அதிகம் பயன்படுகிறது. திரையில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இப்போது வந்த எழுத்து இரண்டு எழுத்துக்கு முன் வந்ததே என்றால் பொத்தானை அழுத்த வேண்டும். இறக்கி எடுக்கும் மென்பொருளில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் மொழிமூலம் படித்த தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கும் கண்டியில் ஆங்கில மொழிமூலம் படித்தவருக்கும் அந்த எழுத்துகள் ஒரே வேகத்தில் ஏறாது. நினைவாற்றலை அளக்கிறோம் என்று நினைத்து நீங்கள் அளப்பது பாடசாலையை. பழகப் பழக எழுத்து வேகம் கூடும். குறைந்த புள்ளிக்காரர் அதனாலேயே முன்னேறுவார். வடிவங்கள், இடங்கள் போன்றவற்றை வைத்து நடத்தும் வகையைத் தேர்ந்தெடுங்கள், அல்லது தொடங்குமுன் போதுமான பயிற்சிச் சுற்றுகள் கொடுங்கள்.

முன்னேற்றத்தைச் சதவீதத்தில் சொல்லும் ஆசையையும் இங்கேயே விட்டுவிடுங்கள். ஆரம்பப் புள்ளியால் வகுத்தால் அதே எண் இன்னொரு தடவை உள்ளே வருகிறது. 10இலிருந்து 15க்குப் போனவர் 50 சதவீதம், 40இலிருந்து 45க்குப் போனவர் 12.5 சதவீதம், இருவரும் ஏறியது 5 புள்ளி. பொதுவான ஓர் எண்ணால் வகுத்த விகிதங்களுக்கிடையே இல்லாத தொடர்பு முளைக்கும் என்று கார்ல் பியர்சன் 1897இலேயே எச்சரித்துவிட்டார்.

படி 3: இடையத்தில் வெட்டாதீர்கள்

ஆரம்பப் புள்ளியின் இடையத்தில், அதாவது வரிசைப்படுத்தினால் நட்டநடுவில் வரும் புள்ளியில், கோடு போட்டு, கீழே இருப்பவர் 'குறைதிறன்', மேலே இருப்பவர் 'மிகுதிறன்' என்று இரண்டாகப் பிரிப்பது நெடுநாள் வழக்கம். படம் அழகாக வரும் என்பதைத் தவிர இதில் நன்மை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

எண்ணோடு பாருங்கள். சராசரி 50, நியம விலகல் (சிதறலின் அளவு) 10, முன்பின் இணைபு 0.6, பரம்பல் செவ்வன் (நடுவில் குவிந்து இரு பக்கமும் சமமாகக் குறையும் மணி வடிவம்). கீழ்ப்பாதியின் முன் சராசரி சுமார் 42, மேல்பாதியினது 58. எதுவும் செய்யாமல் மறுபடி அளந்தால் கீழ்ப்பாதி 45.2க்கு ஏறும், மேல்பாதி 54.8க்கு இறங்கும். ஒரு குழுவுக்கு 3.2 புள்ளி லாபம், மற்றதுக்கு 3.2 புள்ளி நட்டம், மொத்தச் சராசரியில் மாற்றமே இல்லை. இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் சொன்ன முடிவு வார்த்தைக்கு வார்த்தை இதுதான். அதன்மேல் 'மூளைக்கு ஏற்ற அளவு கிளர்ச்சி ஒன்று உண்டு, குறைந்தவரைத் தூண்டினால் அந்த உச்சிக்கு ஏறுவார், ஏற்கெனவே உச்சியில் இருப்பவரைத் தூண்டினால் தாண்டிச் சரிவார்' என்று கவிழ்த்த கிண்ண வடிவக் கோட்பாட்டைச் சாத்திவிட்டால் கேள்வி கேட்கவே தோன்றாது. கோட்பாடு பிழை என்று நான் சொல்லவில்லை. இந்தத் தரவு அதற்குச் சாட்சி இல்லை.

52 எடுத்தவரும் 48 எடுத்தவரும் வேறுவேறு பெட்டியில், 48உம் 25உம் ஒரே பெட்டியில் என்பது இன்னொரு அபத்தம். புள்ளியை எண்ணாகவே வைத்திருங்கள்.

படி 4: இரண்டு கோடுகளின் படித்திறனை ஒப்பிடுங்கள்

சராசரி நோக்கித் திரும்புதல் உண்மைக் குழுவையும் போலிக் குழுவையும் ஒரே மாதிரித்தான் பிடிக்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, 'உண்மைக் குழுவில் குறைந்தவர் ஏறினாரா' என்பது கிடையாது. 'போலிக் குழுவில் ஏறியதைவிடக் கூடுதலாக ஏறினாரா' என்பது.

இரு குழு ஆய்வென்றால் இப்படி: கிடையச்சில் முன் புள்ளி, நிலையச்சில் பின் புள்ளி. முன்னேற்றம் என்ற கழித்தலே வேண்டாம். போலிக் குழுவுக்கு ஒரு நேர்கோடு, உண்மைக் குழுவுக்கு ஒரு நேர்கோடு. போலிக் கோட்டின் படித்திறன், அதாவது சாய்வு, 1ஐ விடக் குறைவாக, 0.6 என்பதுபோல இருக்கும். அது சராசரி நோக்கித் திரும்புதலின் கைரேகை. உண்மைக் கோடும் 0.6 என்றால், குறைந்தவருக்கென்று தனிப் பலன் எதுவும் இல்லை. கோடு முழுவதும் சமமாக மேலே நகர்ந்திருந்தால் எல்லோருக்கும் ஒரே பலன். உண்மைக் கோடு மட்டும் 0.3 என்று படுத்திருந்தால்தான் பேச விஷயம் உண்டு. மென்பொருளில் இதற்குப் பின் புள்ளியை விளக்க மூன்று உறுப்புகள் கொடுப்பீர்கள்: முன் புள்ளி, குழு, இரண்டின் பெருக்கம். உங்கள் கேள்விக்கான பதில் கடைசி உறுப்பில் இருக்கிறது. ஆர், ஜமோவி, ஜாஸ்ப் மூன்றிலும் செய்யலாம், மூன்றும் இலவசம். முன் புள்ளியிலிருந்து அதன் சராசரியைக் கழித்துவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் 'குழு' என்ற உறுப்பு, முன் புள்ளி பூச்சியமாக உள்ள யாருமில்லாத ஓர் ஆளுக்கான பலனைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

மாறிமாறிச் செய்த ஆய்வென்றால், உண்மை நாளுக்கும் போலி நாளுக்குமான வித்தியாசத்தைத் தனியாக அளந்த அந்த மூன்றாம் நாள் புள்ளியின்மேல் பொருத்துங்கள்.

இங்கே பலரும் வழுக்கும் இடம் ஒன்று. உண்மைக் குழு 20 பேரில் முன் புள்ளிக்கும் முன்னேற்றத்துக்கும் இணைபு −0.48, பி பெறுமானம் 0.05க்குக் கீழே, அதாவது பொருளுண்மை உடையது. போலிக் குழு 20 பேரில் −0.38, பி பெறுமானம் 0.05க்கு மேலே. 'உண்மையில் உண்டு, போலியில் இல்லை' என்று எழுதிவிடுவார்கள். 20 பேருக்கு எல்லை 0.44, ஒன்று அதற்குச் சற்று வெளியே விழுந்தது, மற்றது சற்று உள்ளே. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை யாரும் சோதிக்கவே இல்லை. சோதித்தால் ஒன்றும் தேறாது.

இவ்வளவும் குழுக்களை எழுமாறாகப் பிரித்திருந்தால்தான். தோட்டப் பாடசாலை மாணவர் ஒரு குழு, நகரப் பாடசாலை மாணவர் மற்றக் குழு என்று இருக்கிறதை இருக்கிறபடி எடுத்தால், இரு குழுவும் தத்தம் வேறுவேறு சராசரியை நோக்கித் திரும்பும். 1967இல் லார்ட் சுட்டிக்காட்டிய புதிர் அது. கழித்துப் பார்த்தால் ஒரு விடை, முன் புள்ளியைச் சரிக்கட்டிப் பார்த்தால் இன்னொரு விடை. புதிதாக வருபவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

படி 5: போலிக் குழுவே இல்லாத பழைய தரவு கையில் இருந்தால்

கிடைத்த தரவு ஒரே குழு, முன் ஒன்று, பின் ஒன்று, அவ்வளவுதான் என்றால்? 1962இல் ஓல்ட்ஹாம் ஒரு வழி சொன்னார். முன்னேற்றத்தை முன் புள்ளியோடு பொருத்தாமல், முன், பின் இரண்டின் சராசரியோடு பொருத்துங்கள். எக்ஸெல் தாளிலும் செய்து பாருங்கள், இணைபு பூச்சியத்துக்கு வந்து நிற்கும்.

இது மந்திரமில்லை. உண்மையில் இது கேட்கும் கேள்வி, தூண்டலுக்குப் பிறகு ஆட்களுக்கிடையிலான சிதறல் மாறியதா என்பது. குறைந்தவர் ஏறி, கூடியவர் நின்றால் எல்லோரும் நெருங்கி வர வேண்டும். பின் புள்ளிகளின் நியம விலகல் சுருங்க வேண்டும். அதனால் முதலில் இரண்டு நியம விலகல்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன் 10.1, பின் 10.3 என்று இருக்கும்போது 'குறைந்தவர் மேலே வந்தார்' என்ற கதை நிற்க இடமில்லை. யாருடைய ஆய்வையும் வாசிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்த இரண்டு எண்களைத்தான். பெரும்பாலும் அட்டவணையிலேயே இருக்கும்.

ஆனால் ஓல்ட்ஹாமும் இரண்டு இடத்தில் ஏமாறுவார். ஒருவருக்கு அதிகம், ஒருவருக்குக் கொஞ்சம் என்று ஆரம்பத் திறனோடு சம்பந்தமில்லாமல் பலன் ஆளுக்கு ஆள் மாறினால் பின் புள்ளிகள் பரந்துவிடும். கூடியவருக்கே கூடுதல் பலன் என்பதுபோலக் காட்டும். இரண்டாவது, உச்சவரம்பு. 100க்கு 96 எடுத்தவருக்கு ஏற இடம் 4 புள்ளிதான். எல்லோரும் மேலே போய் முட்டி நெருங்கினால் சிதறல் சுருங்கும். அது மூளை செய்த வேலை இல்லை, வினாத்தாள் செய்த வேலை. புள்ளிகளின் பரம்பலை வரைந்து, மேல் ஓரத்தில் ஆட்கள் குவிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். குவிந்திருந்தால் எந்த முறையும் காப்பாற்றாது. அடுத்த தடவை கடினமான பரீட்சை வையுங்கள்.

படி 6: எத்தனை பேர் வேண்டும்?

கசப்பான பகுதி. முன்பின் இணைபு 0.6, உண்மைக்கு 20 பேர், போலிக்கு 20 பேர் என்ற ஆய்வில் இரண்டு படித்திறன்களுக்கிடையிலான வித்தியாசம் சுமார் 0.5ஐத் தொட்டால்தான் பொருளுண்மைக்கு வரும். போலிக் கோடு 0.6 என்றால் உண்மைக் கோடு 0.1க்குப் படுக்க வேண்டும். அதாவது 20 நிமிட மின்னோட்டம் ஆட்களுக்கிடையிலான வேறுபாட்டை ஏறத்தாழ அழித்தே விட வேண்டும். நடக்கிற காரியமா? நம்பத்தகுந்த 0.2 வித்தியாசத்தை ஐந்தில் நான்கு தடவையாவது பிடிக்க வேண்டுமென்றால் இரு குழுவும் சேர்ந்து சுமார் 500 பேர் வேண்டும். மாறிமாறிச் செய்து, ஆரம்பத் திறனையும் தனியாக அளந்தால் சுமார் 160 பேர் போதும், ஆனால் ஒவ்வொருவரும் மூன்று நாள் வர வேண்டும்.

கடைசி வருட மாணவருக்கு இரண்டுமே கைக்கு எட்டாது. அதனால் தலைப்பை மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். பொதுவில் கிடைக்கும் தரவுகளை எடுத்து மேலே சொன்ன சோதனைகளைச் செய்து பார்ப்பதே நல்ல ஆய்வு. கருவியும் வேண்டாம், 500 பேரும் வேண்டாம். அல்லது, பயன்படுத்தப்போகும் பணியை நம் மாணவரிடம் இரண்டு நாள் இடைவெளியில் நடத்தி, முன்பின் இணைபு எவ்வளவு என்று மட்டும் அளந்து சொல்லுங்கள். மலையகத்துத் தமிழ் மொழிமூல மாணவருக்கு அந்த எண் கையில் இருந்தால், அடுத்து வருபவர் ஒன்றும் நடக்காவிட்டால் எதிர்பார்க்க வேண்டிய இணைபை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம்.

கருவியோடு செய்வதாகவே முடிவென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம். இணையத்தில் பார்த்துச் சொந்தமாகச் செய்த பெட்டரிப் பெட்டியை யாருடைய தலையிலும் வைக்காதீர்கள், உங்கள் தலை உட்பட.

படி 7: எழுதும்போது

தரவு வருமுன்பே, ஆரம்பத் திறன் என்று எதை எடுப்பேன், எந்தக் கணக்கு மாதிரியைப் பொருத்துவேன் என்று திகதியோடு எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். ஆய்வுத் திட்டங்களைப் பதிவு செய்யும் ஓஎஸ்எஃப் இணையத்தளத்தில் இலவசமாகச் செய்யலாம். மொத்தக் குழுவில் ஒன்றும் கிடைக்காதபோது ஆரம்பத் திறன் பக்கம் ஓடிப்போவது மனித சுபாவம்; பதிவு இருந்தால் அது ஓட்டமா திட்டமா என்று வாசகருக்குத் தெரியும்.

முடிவுப் பகுதியில் முன்பின் இணைபு, இரண்டு நியம விலகல்கள், இரு குழுவின் படித்திறன்கள், அவற்றின் வித்தியாசமும் அதன் நம்பிக்கை ஆயிடையும் (உண்மைப் பெறுமானம் இருக்கக்கூடிய வீச்சு), ஒன்றும் நடக்காவிட்டால் வரவேண்டிய இணைபு ஆகிய எல்லாம் இருக்கட்டும். வசனம் இப்படி அமையலாம்: 'உண்மைக் குழுவில் ஆரம்பப் புள்ளிக்கும் மாற்றத்துக்கும் இடையே −0.41 இணைபு காணப்பட்டது. முன்பின் இணைபு 0.65 என்பதால், தூண்டலால் எந்த விளைவும் இல்லாவிட்டாலும் −0.42 எதிர்பார்க்கப்படும். படித்திறன் வித்தியாசம் பூச்சியத்திலிருந்து வேறுபட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை.'

மேற்பார்வையாளர் இதைப் பார்த்து, "ரிசல்ட்ஸ் ஒன்றும் இல்லையே?" என்று கேட்கலாம். அப்போது எக்ஸெல் தாளைத் திறந்து, "சேர், ஒருக்கா எஃப்9ஐ அழுத்திப் பாருங்க" என்று சொல்லுங்கள்.